பாலைவனத்தில் ஓர் எண்ணூர்க்காரி

போன மாதம் பாலைவனத்தில் மூழ்கப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். பாலைவனம்தான். மூழ்கியது தண்ணீரில்தான். ஆனால் இந்த வாரம் சொல்ல வந்தது என் கதை இல்லை – என் மனைவி கஸ்தூரியின் கதை.

மகள் நித்யா டெக்ஸாஸில் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. நாங்கள் போயிருந்த சமயம் அவளும் மாப்பிள்ளை கார்த்திக்கும் ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தார்கள். ஆர்.வி. என்றால்... பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும். அதற்கென்றே இருக்கிற இடங்களில் நிறுத்தி, கரண்ட் ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் மாட்டிக்கொண்டு தங்கலாம். கஸ்தூரி உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு என் காதில் சொன்னாள்: "ஹவுசிங் போர்டு வூட்டுக்கு சக்கரம் வச்ச மாரி கீது. இத்தப் பாக்கவா இம்மாம் தூரம் வந்தோம்?"

காதில் ஏன் சொன்னாள்? அங்கேதான் விஷயமே.

எங்களோடு கார்த்திக்கின் அம்மாவும் வந்திருந்தார். கோயம்புத்தூர். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். காபி நீட்டினால்கூட "உங்களுக்குச் சிரமமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். கிளம்புவதற்கு முந்தின நாள் நித்யா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காத. அத்தை முன்னாடி மட்டும்... நம்ம வூட்டு பாஷை வேணாமே. கல்யாணத்துலயே அவங்க சொந்தக்காரங்க சிரிச்சாங்க. காமெடி சீன் மாதிரி கீதுன்னு எனக்கே சொல்லிக் காமிச்சாங்க."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து, வாரா வாரம் வடசென்னை, வடசென்னை என்று இந்தப் பக்கத்தில் மார் தட்டுகிறவன். என் வாயிலிருந்து வந்தது: "பாப்பா சொல்றதும் சரிதானே." இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு நாள் கஸ்தூரி பேசவில்லை. "ஆமாங்க", "இல்லைங்க", "சாப்பிடுங்க"... அவ்வளவுதான். எண்ணூர் குப்பத்தில் பிறந்தவள் அவள். கரையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் நடு ஆற்றில் போகிற படகு திரும்பும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முள்செடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சம்பந்தியம்மா இரண்டு மூன்று தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பதில் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு பூங்காவுக்கு வந்தோம். கண்ணுக்கு எட்டின வரை கல்லும் முள்ளும் வெயிலும். அதற்கு நடுவில், பூமிக்கு அடியிலிருந்து ஊற்று பொங்கி, ஒரு பெரிய குளம். மோட்டார் இல்லை, குளோரின் இல்லை. அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

இப்போது என் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அடி தெரிந்தால் கணுக்கால் ஆழம். தெரியாவிட்டால் இறங்காதே. அறுபத்திரண்டு வயசு வரை எனக்குத் தப்பாத கணக்கு. இங்கே அடி பளிச்சென்று தெரிந்தது. அரை டிராயரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, காலை நனைக்கலாம் என்று கரையிலிருந்து ஓர் எட்டு வைத்தேன்.

இருபது அடி ஆழமாம்.

கார்த்திக் குதித்து, சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். நித்யா உடனே சட்டம் போட்டாள் – பெரியவர்கள் யாரும் குளத்துப் பக்கம் போகக் கூடாது. குளத்துத் தண்ணீர் வழிந்து ஓடுகிற வாய்க்கால் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. இடுப்பளவு ஆழம். ஓரத்தில் கோரை, அடியில் மெத்தென்ற வண்டல். எங்களுக்கு அதுதான் அனுமதி.

சம்பந்தியம்மா சந்தோஷமாக இறங்கினார். கஸ்தூரி இறங்கவில்லை. நைட்டியும் தோளில் துண்டுமாகக் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், நீயும் இறங்கேன்" என்றேன்.

"நைட்டியோட எறங்குனா பாப்பாவுக்கு அசிங்கமா பூடும்" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். சம்பந்தியம்மா கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"மோதிரத்தக் காணோமுங்க."

அது அவர் கணவருடைய மோதிரம். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் விரலிலிருந்து கழற்றினதை, தன் விரலுக்கு லூஸாக இருந்ததால் உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டிருந்தார். ஊற்றுத் தண்ணீரின் குளிரில் விரல் சுருங்கி, நூலும் ஊறி இளகி... நழுவிவிட்டது. தூங்கும்போதுகூட அம்மா அதைக் கழற்ற மாட்டார் என்று கார்த்திக் முன்பே சொல்லியிருக்கிறார்.

பதறிப்போய் எல்லாரும் இறங்கினோம். கார்த்திக் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினார். நித்யா கையால் துழாவினாள். நான் என் பங்குக்கு மிதித்தேன். பக்கத்து ஆர்.வி.யிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் உதவிக்கு வந்துவிட்டார். ஐந்தே நிமிஷம். அவ்வளவு தெளிவாக இருந்த வாய்க்கால் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கார்த்திக் எழுந்து, "ஒண்ணுமே தெரியலைம்மா" என்றார்.

"உடு கண்ணு... போச்சு" என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் அழ ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அல்லாரும் மேல ஏறு. ஒருத்தரும் கால அசைக்காத. யோவ், உன்னத்தான்... எரும மாரி கலக்கிகினு கீற."

அந்த யோவ் நான்தான். வெள்ளைக்காரத் தாத்தாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் முதலில் கரையேறியவர் அவர்தான்.

"அம்மா..." என்று நித்யா இழுத்தாள்.

"நீ சும்மா இரு பாப்பா. ஒங்கத்த அழுவறது கண்ணுக்குத் தெர்ல?" என்றாள் கஸ்தூரி. தோளில் கிடந்த துண்டை என் கையில் திணித்தாள். சம்பந்தியம்மாவிடம் போய் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அண்ணி, அழுவாத. நீ எங்க நின்னுகினு இருந்த, எந்தப் பக்கம் கைய வீசின... அத்த மட்டும் சொல்லு."

ஆயிரம் பிள்ளைகளை அதட்டின ஹெட்மிஸ்ட்ரஸ், ஒன்றாம் வகுப்புக் குழந்தையாக விரலை நீட்டி இடத்தைக் காட்டினார்.

கஸ்தூரி நேராக அங்கே இறங்கவில்லை. தண்ணீர் ஓடிப்போகிற பக்கம் பத்தடி தள்ளி இறங்கி, ஓட்டத்துக்கு எதிராக வந்தாள். கிளம்புகிற கலங்கல் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தேடுகிற இடம் கலையாது. கண்ணை மூடிக்கொண்டாள். பாதத்தைத் தூக்கவே இல்லை. விரல்களை வண்டலுக்குள் விட்டு, ஒரு சாண் தள்ளி, நின்று, மறுபடி ஒரு சாண்.

எண்ணூர் முகத்துவாரத்தில் அவள் வீட்டுப் பெண்கள் இறால் தடவுகிற முறை அது. அந்தச் சேற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே கிடையாது, பாதம்தான் பார்க்கும். காலில் படுவது கல்லா, கிளிஞ்சலா, இறாலா என்று கால் சொல்ல வேண்டும். பதினெட்டு வயசு வரை அவள் அம்மாவோடு இறங்கித் தடவியவள். அப்புறம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்து ஆறு மேடாகிவிட்டது. இறங்கினால் காலெல்லாம் அரிப்பு. கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷத்தில் அவள் தண்ணீருக்குள் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியும்... ஆனால் எவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலில் ஒரு பாட்டில் மூடி வந்தது. அப்புறம் ஒரு ஹேர்பின். அப்புறம் ஒரு காசு. ஒவ்வொன்றையும் கால் விரலாலேயே கவ்வி எடுத்துக் கரையில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் தாத்தா கை தட்டினார். கோரை ஓரம் வரை போய்த் திரும்பினாள். வெயில் சுட்டது. கார்த்திக், "போதும் அத்தை, உங்களுக்குக் கால் விறைச்சிடும்" என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சட்டென்று நின்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கீது."

காலைத் தூக்கினாள். கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில், சேறு வழிய, மோதிரம்.

சம்பந்தியம்மா ஈரத்தோடு ஓடி, தண்ணீருக்குள்ளேயே அவளைக் கட்டிக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக, "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

"எங்க ஆத்துல கண்ண நம்புனா ஒண்ணியும் கெடைக்காது அண்ணி."

"இப்படி வாய் நிறையப் பேசறீங்க... ரெண்டு நாளா ஏனுங்க பேசவே இல்ல? என்னை உங்களுக்குப் பிடிக்கலையோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்க."

கஸ்தூரி மோதிரத்தை அலசி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் நித்யாவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மரியாதையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நாங்கள் செய்த காரியம், ஒரு நல்ல மனுஷியை இரண்டு நாள் வருத்தப்பட வைத்திருக்கிறது.

தாத்தா நித்யாவிடம் வந்தார். உங்கள் அம்மாவுக்குத் தண்ணீரில் இறங்கித் தேடுகிறதுதான் தொழிலா என்று கேட்டார். நித்யாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் தலை நிமிர்ந்துதான் பதில் சொன்னாள். இங்கிலீஷில்தான். "இல்லை. எங்க அம்மா எண்ணூர்."

எண்ணூர் எங்கே இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் சொன்ன தோரணையில், தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார்.

எல்லாரும் கரையேறிவிட்டோம். கஸ்தூரி மட்டும் ஏறவில்லை. நைட்டி பலூனாக உப்பி மிதக்க, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டாள். நான்காவதாக ஒன்று, சும்மா ஆசைக்கு. பிறகு எழுந்து நின்று, அந்தப் பாலைவனம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாய்யா பாத்துகினே கீற? துண்டக் குடு."

கொடுத்தேன். துறைமுகத்தில் எத்தனையோ பெரிய அதிகாரிகளுக்கு எத்தனையோ ஃபைல் நீட்டியிருக்கிறேன். இவ்வளவு பெருமையாக எதையும் நீட்டியதில்லை.