பிரபு வீட்டுப் பெல்மெட்

இன்று காலை கடைக்கு வந்த மரப்பெட்டியைத் திறந்ததும் ஈரத்தில் கிடந்த பழைய மரத்தின் வாசனை. உள்ளே பெல்மெட். சன்னலுக்கு மேலே திரைக்கம்பியை மறைக்கிற சட்டம்தான். ஆனால் இது இங்கிலாந்தில் ஏதோ பிரபுவின் கிராமத்து மாளிகையில் இருந்தது. திராட்சைக் கொத்தும் இறகுமாகச் செதுக்கி, தங்க ரேக்கு ஒட்டியது. இங்கே வளைகுடாவில் வில்லாக்காரர்கள் வாங்குவார்கள். அதன் பெருமையை இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்பு, பார்க்காத வீட்டுச் சன்னலைப் புகழ்வதற்குப் பயன்படுகிறது.

வாசனை என்னை ரோலா என்கிற நெரிசலான பேட்டைக்கு இழுத்துப்போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே தங்கினேன். ஒரு ஹாலை ப்ளைவுட்டால் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அடுத்த தடுப்பில் காதர் காக்கா. கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் கடையில் திரை மாட்டுகிறவர். பகலெல்லாம் வில்லாக்களில் சன்னல் சன்னலாக ஏறி இறங்குவார். எங்கள் இருவருக்கும் சன்னல் கிடையாது.

அவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் உம்மா வீடியோவில் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். அறையைப் பார்த்த பிறகு ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. கப்பலில் உடைந்து வந்த பெல்மெட் ஒன்றை முதலாளி கலாஸ், இனி உதவாது என்று ஒதுக்கியிருந்தார். காக்கா அதைக் கேட்டு வாங்கிவந்து ஒட்டி, எங்களுக்கு நடுவிலிருந்த பலகையில் மாட்டி, மிச்சத் துணியில் திரையும் தொங்கவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ப்ளைவுட் மாளிகையாகிவிட்டது. என்னைச் சத்தம் காட்டாமல் இருக்கச் சொன்னார்.

லீவு நாளில் அழைப்பு வந்தது. நான் இந்தப் பக்கம் அசையாமல் கிடந்தேன். உம்மாவுக்குப் பரம திருப்தி. சம்பளம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"அந்தத் திரைய கொஞ்சம் வெலக்குங்க மாப்புள. வெளிய எப்படி இருக்குன்னு பாப்போம்."

வெயில் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று நான் தவித்தேன். பிறகு திரைவளையங்கள் உரசும் சத்தம்.

"வெளிய இல்ல மாமி. பலகைதான். அந்தப் பக்கம் ஒரு படிச்ச தம்பி இருக்காரு."

இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். அப்போது போனுக்குள், அதுவரை பேசாத ஒரு பெண்குரல்:

"அவருக்காச்சும் சன்னல் இருக்கான்னு கேளுங்க உம்மா."

"இல்லைங்க" என்று என் வாய் முந்திக்கொண்டது. முதலில் சிரித்தது அந்தக் குரல்தான். பிறகு உம்மாவும்.

நிக்காஹ் முடிந்து திரும்பிய காக்காவுக்குத் தினமும் போன் வரும். பக்கத்துத் தம்பி சாப்பிட்டாரா என்று அந்தப் பெண் கேட்பார். காக்கா பலகையைத் தட்டுவார். சாப்பிட்டேன் என்று நான் திருப்பித் தட்டுவேன்.

அந்தத் தடுப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள். காக்கா குடும்பத்தோடு யான்பு என்கிற வேறு ஊருக்குப் போய்விட்டார். எனக்கு இப்போது தனி அறை. அடுத்த அறையில் யாரென்று தெரியாது. நடுவே நல்ல கனமான சுவர், தட்டினாலும் கேட்காது.