சோனா அறைக்கு வெளியே நாகலெட்சுமி

நாகலெட்சுமி அக்காவை நான் முதன்முதலில் சந்தித்த அன்று, அவர் என்னை உள்ளே விடவில்லை.

ஆறு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டுத் தலவாக்கலைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி, அதில் இன்ஃப்ராரெட் சோனா என்ற சூட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போய், இரவு பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கிய கையோடு அங்கே போய் நின்றேன்.

"ராத்திரி தூங்குனீங்களா மிஸ்?"

"பஸ்ல கொஞ்சம்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பிளேன்டீ."

"அப்ப இன்னைக்கு வேணாம். தூங்கி, சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு நாளைக்கு வாங்க. பெட்டி எங்கயும் ஓடிப் போயிராது."

பனி கொட்டும் நாடுகளில் எத்தனையோ சோனாக்களில் உட்கார்ந்தவள் நான் என்று பெருமையாகச் சொன்னேன். "அங்க யாரு பாத்துக்கிட்டாங்களோ. இங்க நான்தானே பாக்கணும்" என்று கதவைச் சாத்தினார். மறுநாள் போனேன். அதன்பிறகு அவரோடு பேசுவதற்காகவே அடிக்கடி போனேன்.

இருபத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் பங்களாவில் துணி துவைக்கும் வேலைக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் மரப்பலகையால் செய்த அந்தப் பெட்டி வந்து இறங்கியது. மூன்று பேர் உட்காரலாம். கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு வெளிச்சம். மற்ற வேலையாட்கள் அதன் அருகே போகவே தயங்கினார்கள். இவர்தான் துடைத்து வைத்தார், பொத்தான்களைப் பழகினார். மேனேஜர் உமாசுதன் யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியோடு வந்த ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒரே வாரத்தில் நாகலெட்சுமி அக்கா அவற்றை மனப்பாடம் செய்து, தன் வாய்க்கு ஏற்ற கேள்விகளாக மாற்றிக்கொண்டார்.

பிரஷர் மாத்திரை போடுறீங்களா? நெஞ்சில ஏதும் மெஷின் வச்சிருக்கா? மாசமா இருக்கீங்களா? காய்ச்சல் உண்டா? நேத்து குடிச்சீங்களா? கடைசிக் கேள்வியை வெள்ளைக்காரர்களிடம் கையைக் கிளாஸ் மாதிரி பிடித்துக் காட்டிக் கேட்பார். ஆமென்று தலையாட்டினால் அன்று அவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றி நடைதான். கழுத்துச் சங்கிலி, வளையல், கடிகாரம் எல்லாம் வெளியே கழற்றி வைக்க வேண்டும். உலோகம் சூடேறித் தோலைச் சுடும். ஆள் உள்ளே இருக்கும்வரை அவர் போனைத் தொடமாட்டார். முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியே முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. தன்னோடு கொழுந்து பறித்த பெண்களை ஒருநாள் அந்தச் சூட்டில் உட்கார வைக்க வேண்டும். மழையிலும் குளிரிலும் கூடை சுமந்த தோள்கள் அவை. மூன்று மாதம் விடாமல் கேட்டதில் உமாசுதன் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை.

"ஆனா அக்கா, ஒராள் மயங்கி விழுந்தாலும் முதலாளி என்னைத்தான் கேப்பார். பிறகு இந்த அறைக்குக் கொழும்பிலையிருந்து படிச்ச ஆளைத்தான் போடுவினம். நீங்கள் திரும்பவும் துணி துவைக்கப் போகவேணும். விளங்குதோ?"

"விளங்குது சார்."

அந்த ஞாயிறு உதவிக்கு நானும் போயிருந்தேன். ஒன்பது மணிக்கே ஏழு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சேலை, தலை நிறையப் பூ. காளியாயி அக்கா இரட்டைவடச் சங்கிலியே போட்டிருந்தார். மலையில் நாகலெட்சுமிக்குப் பக்கத்து நிரையில் பல வருடம் பறித்தவர் அவர். வலது தோளைத் தூக்கவே முடியாது.

பெட்டியைப் பார்த்ததும் கூட்டத்தில் இளையவளான பூரணி தொடங்கினாள். "ஃபேக்டரியில கொழுந்த வாட்டுற மாதிரி நம்மள வாட்டப் போறாங்கடியோவ்!"

"வாட்டினா எடை குறையும். உனக்கு நல்லதுதானே" என்றார் காளியாயி.

"அரைக்கிறதுக்கு முந்தி எறக்கி விட்ருங்கக்கா!"

நாகலெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். தண்ணி குடிச்சியா? குடிச்சேன். மாத்திரை ஏதும்? இல்லை. ஏழு பேரும் ஒரே பதில். நகைகளை வாங்கி ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். முதல் மூன்று பேர் துவாலை சுற்றிக்கொண்டு தயாரானார்கள்.

கதவுப் பிடியில் கை வைத்த நாகலெட்சுமி அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்டி, ஒம்போது மணிக்கு வந்தீங்க. இப்ப பதினொன்னு. ஒருத்திகூட கக்கூஸ் எங்கன்னு கேக்கலியே?"

பூரணி கூரையைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. காலையிலயிருந்து யாரு தண்ணி குடிச்சா?"

"வெளிய கெளம்புற நாள்ல எவடி குடிப்பா?" என்றார் காளியாயி. "மலையில எங்க போறது? அதே பழக்கம்தான். நீயும் அப்படித்தானே இருந்த நாகு?"

அப்படித்தான் இருந்தார். மலையில் ஒதுங்க இடமில்லாததால், விடிந்ததிலிருந்து கொழுந்தை எடை போட்டு முடியும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருபத்து நான்கு வருடம் பறித்திருக்கிறார். காய்ந்த உடம்போடு அந்தச் சூட்டில் உட்கார்ந்திருந்தால் முதல் மூன்று பேரில் ஒருத்தியாவது விழுந்திருப்பாள்.

"வாங்க என்கூட" என்றார். ஏழு பேரையும் விருந்தாளிகளுக்கான கழிப்பறைக்கு அழைத்துப் போனார். வெள்ளை ஓடு, உள்ளே தாழ்ப்பாள், திருகினால் சுடுதண்ணீர். தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் காட்டினார். "ரெண்டு கதவு இருக்கு. நாள் பூரா ஒங்களுக்குத்தான். இப்பக் குடிங்க."

குடித்தார்கள். ஆளுக்கு இரண்டு கிளாஸ், கொஞ்சம் கொஞ்சமாக. முக்கால் மணி நேரம் போனது. உமாசுதன் இரண்டு தடவை வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் தடவை உக்கார்றவங்களுக்குப் பத்து நிமிஷமே போதும் சார். நேரம் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

அப்போது காளியாயி நாகலெட்சுமி அக்காவின் காதருகே போய், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாகு, இன்னொரு பொய்யும் சொல்லிட்டேன். கிளினிக்குல பிரஷர் மாத்திரை குடுத்திருக்காங்க."

நாகலெட்சுமி அக்காவின் முகம் வாடியது. யாருடைய தோளுக்காக மூன்று மாதம் கெஞ்சினாரோ, அவர் இந்தக் காளியாயிதான். "அப்ப நீ உள்ள போக முடியாது" என்றார்.

"பத்து நிமிஷம்தானேடி."

"அஞ்சு நிமிஷமும் இல்ல."

காளியாயியை முக்காலிக்கு அருகே உட்கார வைத்து, துவாலையை வெந்நீரில் பிழிந்து தோளில் போட்டார். பிறகு மூன்று பேரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தியவர், ஒரு நொடிகூடக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளிருந்து பூரணியின் குரல் வந்தது: "சூடே இல்லியேக்கா!"

"அப்படித்தான் தெரியும். காத்து கொதிக்காது, ஒடம்புக்குள்ளதான் ஏறும். தலை சுத்தினா, நெஞ்சு படபடன்னு அடிச்சா ஒடனே கதவைத் தட்டு. தூங்கிறாத!"

பத்து நிமிடம் முடிந்ததும், "சட்டுன்னு எந்திரிக்காதீங்க. மெதுவா, செவத்தப் புடிச்சு" என்று ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார். பூரணி தன் முதுகைத் தானே தடவிப் பார்த்து, "எனக்கு எலும்பு இருக்கிறதே இன்னைக்குத்தான் மறந்துச்சு" என்றாள். அடுத்த மூன்று பேரும் அப்படியே முகம் மினுமினுக்க வந்தார்கள்.

ஒரு மணி அடித்தது. உமாசுதன் ஓடி வந்து தலைகளை எண்ணினார். "ஒருத்தரும் விழேல்லையோ?"

"நீங்கதான் விழுந்துருவீங்க போல இருக்கு. சாப்பிட்டீங்களா சார்?"

பயத்தில் அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார். மேசையிலிருந்த பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அடுத்த மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'நாகலெட்சுமி அக்காவின்ர ஆக்கள்' என்று எழுதினார்.

"மொதப் பேரு என்னோடதுன்னு போடுங்க சார்" என்றார் காளியாயி.

நாகலெட்சுமி அக்கா புத்தகத்தை மூடினார். "டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். நாளைக்குக் காலையில நானே உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன்."