நடுப்பாலத்தில் விட்டுப்போன கம்பங்கள்

இருபத்தாறு ஆண்டுகள் என் சட்டைப் பையில் ஒரு தகர மிட்டாய் டப்பா இருந்தது. அதில் மிட்டாய் இல்லை, மாத்திரைகள். நடக்கும்போது எழும் சத்தத்தை வைத்தே உள்ளே எத்தனை என்று சொல்லிவிடுவேன். ஐந்துக்கு மேல் என்றால் கலகலப்பு. இரண்டு என்றால் ஒன்றோடொன்று மோதும் மெல்லிய ஒலி. ஒன்றே ஒன்று என்றால் எனக்கு வியர்க்கத் தொடங்கிவிடும். என்னைத் தவிர அந்தச் சத்தத்தைக் கவனித்தவர் ஒருவர்தான். தொழிற்சாலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். எல்லாரும் அவரை டெக்னீசியன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்போது என் வீடு பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில். வேலை எதிரே தீவில், பாயான் லெப்பாஸில், தரப் பரிசோதகராக. போகவும் வரவும் கடல் மேலுள்ள பாலத்தைக் கடந்தாக வேண்டும். பாலம் விழாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதில் ஏறியவுடன் மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும். காலையில் மாத்திரை கைகொடுக்கும். மாலைக்குள் அதன் வேகம் குறைந்துவிடும் என்பதால், வீடு திரும்பும்போது இடப்பக்க விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வருவேன். சன்னலோரம் உட்காரும் துணிச்சல் எனக்கில்லை. அது டெக்னீசியனின் இடம். அவருடைய தோளுக்கு மேலாகத்தான் எண்ணுவேன்.

என் உதடு அசைவதை ஒருநாள் பார்த்துவிட்டார். "என்னாண்ணே, எங்கம்மா ஜெபமாலை உருட்டுற மாதிரி முணுமுணுக்கிறீங்க?" உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "சரிலா, நானும் எண்ணுறேன். ரெண்டு பேரு எண்ணி ஒத்து வந்தாதானே உங்க டிப்பார்ட்மெண்டுல சரக்கை வெளிய விடுவீங்க?" என்றார். அது எங்கள் பிரிவின் விதி. ஒரே பெட்டியை இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ண வேண்டும்.

எங்கள் எண்ணிக்கை ஒருநாளும் ஒத்துவரவில்லை. மொத்தத்தை இங்கே எழுதமாட்டேன். யாராவது போய் எண்ணிப் பார்த்துவிட்டுத் தவறு என்று எனக்குக் கடிதம் போடுவார்கள். அவர் சொல்வது எப்போதும் ஒரே எண். என்னுடையது அதைவிட ஒன்பது குறையும், பதினொன்று குறையும், ஒருமுறை பதினான்கு குறைந்தது. அவருக்கு எண்ணத் தெரியவில்லை என்றே நான் பல மாதங்கள் வாதாடினேன். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, நடுப்பாலம் மேடேறுதுல்ல, அங்க கண்ணை மூடிக்கிறீங்க. உங்களுக்கே தெரியல." கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே, "நேத்து ஒம்பதுதான் விட்டீங்க. நல்ல நாளு போல," என்றார். என் வானிலை அறிக்கையை அவர்தான் வைத்திருந்தார்.

மற்றவர்கள் எல்லாரும் அதை நினைக்காதே என்பார்கள். அவர் மட்டும் கேள்வி கேட்டார். "மொதல்ல எங்கண்ணே ஆரம்பிக்குது? நெஞ்சுலயா, வயித்துலயா?" அதுவரை நான் கவனித்ததே இல்லை. மறுநாள் கவனித்துப் பார்த்தேன். இடது முழங்காலில். கேட்டு அவர் வியந்துபோனார். "முட்டியா! அது எப்புடிண்ணே?" பழுதான இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவரின் முகம் அது.

ஓய்வு பெற்றதும் தீவில், தண்ணீர்மலை அருகே வீடு மாறினேன். கோயில் பக்கம் என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் என்பதே காரணம். பழைய வீட்டில் மகள் இருக்கிறாள். அவள்தான் எங்களைப் பார்க்க வருவாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் டெக்னீசியன் இறந்துபோனார். அக்கரையில் அடக்கம். மகளின் காரில் ஏறுமுன் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். போனேன், பெட்டியருகே நின்றேன், அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன் என்கிறார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. கடைசியாகப் பார்த்த அவர் முகம் என்னிடம் இல்லை. அந்த வெட்கத்தில்தான் மாத்திரையை நிறுத்த முடிவு செய்தேன்.

முதலில் நானாகவே ஒரேயடியாக நிறுத்தினேன். நான்காம் நாள் கை நடுங்கி, வெளிச்சம் கண்ணில் குத்தி, உறக்கமின்றிக் கிடந்தேன். மகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் டாக்டருக்கு என் மகளைவிட வயது குறைவு. "அங்கிள், இப்படி நிறுத்துறது ஆபத்து. மலைக்கோயில் உச்சியில இருந்து ஒரே குதியா குதிப்பீங்களா? படிப்படியாதான் இறங்கணும்," என்று கண்டித்தார். அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன நாளில் குறைத்தேன். பதினெட்டு மாதங்கள் ஆயின. இரண்டு முறை, போதும், இந்தப் படியிலேயே சில வாரம் நில்லுங்கள் என்றார். நின்றேன். பயம் வந்த நாட்களில் டெக்னீசியனின் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்: எங்கே ஆரம்பிக்கிறது? முழங்காலில்தான். சில நாள் தாடையில். அதைக் குறித்து வைப்பதற்குள் பயம் பாதி கடந்துபோயிருக்கும். பாதிதான். முழுவதும் என்று சொன்னால் பொய்.

கடைசி மாத்திரைக்குப் பின் ஏழாவது ஞாயிறு, அவர் கல்லறைக்குக் கூட்டிப்போகும்படி மகளிடம் கேட்டேன். "அப்பா, ஃபெரியில போலாமே?" என்றாள். வேண்டாம் என்றேன். முன்னிருக்கையில், இடப்பக்கம், சன்னலோரம் உட்கார்ந்தேன். மேடு வந்தது. முழங்கால் துடித்தது. இமை மூடாதபடி விரலால் பிடித்துக்கொண்டேன். "என்னப்பா பண்றீங்க?" என்று மகள் கத்தினாள். வாய் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும். கடைசிக் கம்பம்வரை எண்ணினேன்.

அவருடைய எண்ணைவிட ஒன்று கூடுதல்.

கம்பங்களை மாற்றியிருப்பார்கள் என்றாள் மகள். இருக்கலாம். ஆனால் கல்லறை முன் நின்றபோது எனக்கு வேறொன்று தோன்றியது. நான் கண்ணை மூடுவது அவருக்கு எப்படித் தெரிந்தது? நடுப்பாலத்தில் ஒவ்வொரு மாலையும் அவர் சன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கம்பம் அவரைக் கடந்து போயிருக்கும்.

"ஒன்னு விட்டுட்டீங்க," என்று கல்லறையிடம் சொன்னேன். ஒத்துவரவில்லை. விதிப்படி மறுபடி எண்ண வேண்டும். அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றேன்.

காருக்குத் திரும்பி நடந்தோம். பழக்கத்தில் பையில் வைத்திருந்த டப்பா எந்தச் சத்தமும் எழுப்பவில்லை. இருந்தும் நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.