வசனத்தில் இல்லாத பேர்

நம்ப மாட்டேன் என்பவர்கள் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் பீர் முஹம்மது வீடு. அந்த வீட்டில் எந்த அறைக்கும் கதவு கிடையாது. வாசலுக்குக்கூட ஒரு கோணிப் படுதாதான். திருடன் புகுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "வந்தா வரட்டும், அவனும் திரும்பிப் போக வழி வேணும்ல?" என்று சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு சரி. கதவுகளையெல்லாம் கழற்றி விறகுக் கடைக்குப் போட்ட மனுஷனை, அவர் சம்சாரம் நஸ்ருன்னிசா முதலில் திட்டித் தீர்த்தாள். நடந்ததைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேசும்படம் வந்து, நாடகக் கொட்டகைகள் காற்று வாங்கிக்கொண்டிருந்த சமயம். பீர் முஹம்மது நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் போட்டவர். கணீரென்ற குரல் இருந்தது, வேலைதான் இல்லை. அப்போது டைரக்டர் சுவாமிநாதன் கூப்பிட்டு அனுப்பினார். கதையைக் கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். நாற்பது பாட்டு வைத்தாலும் போதவில்லை என்று ஜனங்கள் கூச்சல் போடுகிற காலத்தில், படம் முழுக்க ஒரே ஆள், ஒரே அறை! செய்யாத திருட்டுக்காக ஒரு கணக்குப்பிள்ளையை ஜமீன்தார் அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார். அவன் கதவைத் தட்டுகிறான், கெஞ்சுகிறான், அழுகிறான். அவ்வளவுதான் படம்.

பீர் முஹம்மது உடனே சரி என்றார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பூட்டிய அறையில் அவரால் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மூச்சு முட்டும். அடை மழை பெய்தால் ஒழிய மொட்டை மாடியை விட்டு இறங்கிப் படுக்காத ஆள். இதைச் சொன்னால் படம் கைநழுவிப் போகும். இதை விட்டால் வேறு படமும் கிடையாது.

ஒரே ஒருவனிடம் மட்டும் சொன்னார். அவன் துரைராஜ். நாடகத்தில் திரை இழுத்தவன், இப்போது ஷூட்டிங்கில் மணி அடித்ததும் கதவை மூடி, மறு மணிவரை காக்கிறவன். காக்காய் விரட்டுகிறவனும் அவன்தான். டாக்கி எடுக்கும்போது ஒரு காக்காய் கத்தினால் எடுத்ததெல்லாம் பாழ் அல்லவா!

ஷூட்டிங்குக்காகப் பிடித்திருந்தது அடையாற்றங்கரையில் ஒரு பாழடைந்த பங்களா. பின்கட்டில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதைப் பார்க்கப் போனபோதுதான், அறைக்குள்ளேயே நின்று இருவரும் பேசினார்கள்.

"கதவைத் தொறன்னு நான் கத்துறதுதான் வசனமே. நெஜமா கத்தினா உனக்கு எப்படிடா தெரியும்?"

துரைராஜ் தலையைச் சொறிந்தான். "வசனத்துல என் பேரு இல்லியே பாய். துரைராஜுன்னு ஒரு சத்தம் குடு. மணியாவது மண்ணாவது, கதவை ஒடச்சினாச்சும் தொறக்கிறேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"யாராண்ட சொல்லப் போறேன்? இங்க நம்ம ரெண்டு பேருதானே கீறோம்."

அப்படித்தான் நினைத்தார்கள்.

சுவரைத் துளைத்துக் கண்ணாடி பதித்து, அதற்கு அந்தப் பக்கம் காமிராவை வைத்தார்கள். அறைக்குள்ளே ஒரு விளக்கு, மூலையில் ஒரு பானை, நடிப்பவர் தலைக்கு மேலே தொங்கும் மைக். அதன் கம்பி வாசலில் நின்ற லாரிக்குப் போகும். லாரியில் ஒலிப்பதிவுக்காரர் அனந்தராமன், காதில் ஹெட்போனோடு. ஒரு மணி அடித்தால் கதவு மூடும். மறு மணி அடிக்கும்வரை எவனும் திறக்கக் கூடாது.

ஷூட்டிங் அன்று காலை ஒரு பைத்தியக்காரத்தனம் நடந்தது. காக்காய்ச் சத்தம் உள்ளே கேட்கிறதென்று, கதவின் வெளிப்பக்கம் முழுக்கப் பஞ்சு மெத்தைகளை வைத்து ஆணியடித்தார்கள். அடித்தவன் துரைராஜ். பக்கத்தில் நின்று "இன்னும் இறுக்கி அடிடா" என்றவர் பீர் முஹம்மது. வெளிச் சத்தம் உள்ளே வராது என்றால் உள்ளே கத்துவது மட்டும் வெளியே எப்படிக் கேட்கும்? இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை, பாருங்கள்!

பகல் பன்னிரண்டேகால். நல்ல வெயில். மணி அடித்தது. கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

முதல் வசனத்தைச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார்.

தட்... தட்... தட்...

கையை எடுத்துவிட்டார்.

தட்.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்தார். நெற்றியில் வியர்வை. விளக்குச் சூடு. அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

"நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்..." என்று மெல்ல யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

அப்பாடா என்றிருந்தது. எடுத்துக்கொடுத்ததைச் சொன்னார். அடுத்ததும் வந்தது. அதையும் சொன்னார். மேடையில் பல வருஷப் பழக்கம். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் காதில் விழுந்தால் வாய் தானாகப் பேசிவிடும்.

மூன்றாவது வசனத்தின் பாதியில் சட்டென்று நிறுத்தினார்.

டாக்கியில் வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. மைக்கில் விழுந்துவிடும்.

திரும்பிப் பார்த்தார். சுவர். யாரும் இல்லை.

மூலையில் இருந்த பானை... அவர் குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்தது.

போதும். படமும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

"துரைராஜ்!"

கதவை ஓங்கிக் குத்தினார்.

"துரைராஜ்!"

"இன்னா பாய்?"

உயிர் திரும்பி வந்தது. "தொறடா. முடியலை."

"தோ தொறக்கிறேன்... இன்னொரு தபா கூப்புடு."

"துரைராஜ்!"

"இன்னொரு தபா."

"டேய், விளையாடாதே! நெஜமாத்தான் சொல்றேன்! கதவைத் தொற!"

"நல்லா கீது பாய்... இன்னொரு தபா."

கதவில் காதை வைத்தார்.

ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஆனால் குரல் மட்டும்... தெளிவாக...

"இன்னொரு தபா."

கத்தினார். கதவில் மோதினார். நகம் பெயர்ந்தது. அழுதார்.

"இன்னொரு தபா."

"யா அல்லாஹ்..."

மணி அடித்தது.

தாழ்ப்பாள் விலகியது. வெயில் முகத்தில் அடித்தது. பீர் முஹம்மது தவழ்ந்து வெளியே வந்தார். காமிராவில் படச்சுருள் தீர்ந்ததால்தான் மணி அடித்தார்களாம். சுவாமிநாதன் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "என்ன நடிப்பு ஓய்! கண்ணாடி வழியாப் பார்த்த எனக்கே அழுகை வந்துடுத்து!"

பீர் முஹம்மது அவரைத் தள்ளிவிட்டுத் துரைராஜின் சட்டையைப் பிடித்தார். "பாவி, கூப்பிட்டேனேடா! இன்னொரு தபா, இன்னொரு தபான்னு என்னை..."

"சத்தியமா ஒண்ணும் கேக்கல பாய். மணி அடிக்கிற வரைக்கும் நான் வாயே தொறக்கல." துரைராஜ் அழுதுவிட்டான். அப்போதுதான் இருவரும் கதவில் அடித்திருந்த மெத்தைகளைப் பார்த்தார்கள்.

சூட்டில் மூளை குழம்பியிருக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அவரும் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

சில நாள் கழித்து, மாம்பலத்தில் ஒலிச்சுருளைப் போட்டுக் கேட்க அனந்தராமன் கூப்பிட்டார். துரைராஜும் கூடப் போனான்.

"துரைராஜ்!" என்று பீர் முஹம்மதுவின் குரல் அலறியது.

"இன்னா பாய்?"

துரைராஜ் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அச்சு அசல் அவன் குரல்.

அனந்தராமன் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு ஹெட்போன்ல கேட்டப்போ, புது வசனம் சேர்த்து இவனையும் உள்ளே விட்டிருக்கான்னுதான் நெனைச்சேன். இவன் வெளியே நிக்கறதைப் பார்த்தப்புறம் சொல்லப் பயமாயிடுத்து. வெளியிலேர்ந்து பேசினா இப்படிப் பதிவாகாது. இது மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல. உங்க குரலைவிடப் பக்கத்துல."

மைக் தொங்கியது பீர் முஹம்மதுவின் தலைக்கு மேலே.

சுருள் ஓடியது. மணி. தாழ்ப்பாள். சுவாமிநாதனின் பாராட்டு. காலடிச் சத்தங்கள். யாரோ கதவை மறுபடி சாத்தும் சத்தம்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் பீர் முஹம்மது.

"இல்லை," என்றார் அனந்தராமன். "சந்தோஷத்துல மெஷினை நிறுத்தாம ஓடி வந்துட்டேன். மிச்சத்தைக் கேளுங்கோ."

நிசப்தம். வெகு நேரம்.

தட்... தட்... தட்...

பிறகு ஒரு குரல். அழுகிற குரல். பீர் முஹம்மதுவின் குரல்.

"துரைராஜ்... வெளியே போனது நான் இல்லடா... நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன்... கதவைத் தொற..."

சுருள் தீர்ந்தது.

துரைராஜ் நாற்காலியை விட்டு எழுந்தான். ஓரடி பின்வாங்கினான்.

"பாய்... அன்னிக்கு வெளியே வந்தது... நீதானே?"

பீர் முஹம்மது எழுந்து வெளியேறினார். நடந்தே மயிலாப்பூருக்குப் போனவர், அன்று சாயங்காலமே வீட்டுக் கதவுகளைக் கழற்றினார்.

துரைராஜ் கேட்டதை நஸ்ருன்னிசாவும் கேட்க நினைத்ததுண்டு. இன்றுவரை கேட்டதில்லை. கேட்கப் பயம்.