கடைசிப் பக்கத்தில் வந்த படகு

அந்தப் புத்தகம் மொத்தமே பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி. படகு கிளம்புகிறது, வலை இறங்குகிறது, வலை ஏறுகிறது, விடிகிறது, படகு திரும்பி வருகிறது. இன்னும் எழுத்துக் கூட்டத் தொடங்காத பிள்ளைகளுக்காக, ராமேஸ்வரத்தில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் கேட்டு நான் வரைந்தது. அங்கே இருந்த புத்தகங்களில் கப்பல் இருந்தது, பாய்மரம் இருந்தது, எங்கள் ஊர் விசைப்படகு இல்லை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வீட்டில் இருந்தபடியே இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். எதை வரைந்தாலும் சரிபார்க்க ஒரு பட்டியல் வைத்துக்கொள்வேன். இந்தப் படகுக்கும் வைத்துக்கொண்டேன். நீளத்துக்கு உயரம், வலை இழுக்கும் விஞ்ச், டயர்கள் தொங்கும் இடம், கேபின் ஜன்னல், பக்கவாட்டில் எண். படகுகள் வந்து கட்டும் ஜெட்டியில் நின்ற ஒரு படகைப் போனில் படம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் அடித்தேன். எண்ணையும் அப்படியே எழுதினேன். வாய்க்கு வந்த எண்ணைப் போடுவது அரைகுறை வேலையாகத் தோன்றியது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்கலாம் என்று, கலர் பிரிண்ட் எடுத்துத் தைத்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கன்வாடிக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்டார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது நாலு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். படகின் எண்ணில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவளுக்கு இன்னும் அ, ஆ தெரியாது.

“நல்லாப் படிக்கிறியே” என்றேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் அவள் அம்மா போய்க்கொண்டிருந்தார்.

“அம்மா, நம்ம போட்டு வந்துருச்சு. நம்பரு பாத்துட்டேன்.”

அந்த அக்கா ஒன்றும் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பி ஓடினார். எங்கள் தெருப் பிள்ளைகள் கரையை நெருங்கும் படகின் எண்ணைப் பெரியவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். அங்கன்வாடி வாசலில் நின்றால் இரண்டு வீடுகளுக்கு நடுவே கடல் தெரியும். அவர் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

டீச்சர் முகம் மாறிவிட்டது. “இவ அப்பா போட்டு இன்னும் வரலயே. மத்ததெல்லாம் விடியக்காலமே வந்துருச்சு. இவ அம்மா ரெண்டு தடவ ஜெட்டிக்குப் போயிட்டு இப்பத்தான் வாரா.” புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். “நெசமான நம்பராம்மா போட்ருக்க?”

குழந்தை என் கையை விடவில்லை. புத்தகத்தை அவளிடம் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முதலில் மன்னிப்பு. பிறகு அது வெறும் படம் என்பது. இல்லை, படகு வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதை முதலில் சொன்னால் மற்றது எதுவும் அவர் காதில் ஏறாது. ஜெட்டி வரும்வரை இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அக்கா, ஜெட்டியில் கட்டிக் கிடந்த படகுகளின் எண்களைப் பார்த்தபடி கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“எங்கன நிக்கிது?” என்று மகளைத்தான் கேட்டார். அவள் புத்தகத்தைக் காட்டினாள்.

“அக்கா, போட்டு வரல. நான் வரைஞ்ச படத்தப் பாத்துப் பிள்ள சொல்லிருச்சு. உங்க நம்பரத் தெரியாம எழுதிட்டேன்.”

“இத்தன போட்டு நிக்கிது. உனக்கு வேற நம்பரே கெடைக்கலயா?”

திட்டியிருந்தால் பரவாயில்லை. குரலை உயர்த்தவே இல்லை. புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

“நாலு பேருதான் நிக்கிறாக.”

“இடம் பத்தலக்கா.”

“போனது அஞ்சு பேரு. எவன விட்டுட்டு வந்த?”

என்னிடம் பென்சில் இருந்தது. ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் புத்தகத்தை வைத்தேன். எங்கே நிற்க வைக்கட்டும் என்று கேட்டேன்.

“எங்கனயாச்சும் போடு. போட்டுரு.”

அரை மில்லிமீட்டர் பிசகாமல் கோடு போடும் கை. அன்றைக்கு ஒரு ஆளை வரைய வரவில்லை. விஞ்சுக்குப் பின்னால் இடுக்கில் ஒருவனை நிற்க வைத்தேன். கால் தெரியவில்லை. தோளும் தலையும் மட்டும்தான். அவர் அதைப் பார்த்தார். புத்தகத்தை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மதியம் ஒரு மணிக்கு மேல், வாக்கி டாக்கி வைத்திருந்த ஒருவர் வந்து, அவர்கள் படகின் இஞ்சின் நின்றுவிட்டது, இன்னொரு படகு கட்டி இழுத்து வருகிறது என்றார்.

“எல்லாரும் நல்லாயிருக்காகளா?”

“அதெல்லாம் தெளிவாக் கேக்கலம்மா. இழுத்துட்டு வாரோம்னு மட்டும் சொன்னான்.”

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்தேன். அவள் அம்மா குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியது, போகிற துணிச்சல்தான் வரவில்லை.

முன்னால் ஒரு படகு, பின்னால் கயிற்றில் இன்னொன்று. எண்ணைக் குழந்தைதான் முதலில் சொன்னாள். பின்னால் வந்த படகின் மேல்தளத்தில் நிற்பவர்களை எண்ணினேன். நாலு. கிட்டே வந்ததும் மறுபடி எண்ணினேன். நாலு. ஜெட்டியில் இடித்து நின்றதும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள், நாலு பேரும். அவர்களில் அந்த அக்காவின் கணவர் இல்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

இஞ்சின் அறை மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை வந்தது. பிறகு ஆயில் அப்பிய தோள். கரையைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் கோபம் வந்தது.

“ஏன் இந்த வெயில்ல பிள்ளயக் கூட்டியாந்த?”

என் கையை அக்கா அப்போதும் விடவில்லை. “நான் எங்க கூட்டியாந்தேன்” என்றார். “அவதான் என்னயக் கூட்டியாந்தா.”