ஏன்டி ஈரத்தோட கேக்குற?

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோர்வூட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில் பயிற்சியில் இருந்தேன். மருந்தாளர் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் என் பயிற்சிப் பதிவு அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அடுத்தவர் சொல்லச் சொல்ல மருந்துப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிற ஆளாகத்தான் நான் இருக்க வேண்டும். வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் குறிப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காது. புத்தகம் இருக்கிறது, போட்டோ கொப்பி இருக்கிறது, பிறகு எதற்காக எழுதி நேரத்தை வீணாக்க வேண்டும் என்பது என் கட்சி. கூட வேலை செய்த அக்கா ஒருவர் மாய்ந்து மாய்ந்து எழுதுவார். "எழுதுனாத்தான்டி மண்டையில நிக்கும்" என்பார். "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும்க்கா" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் முதல் தடவையிலேயே பாஸ். நான் போட்டோ கொப்பிக் கட்டுகளுக்கு மஞ்சள் கலர் அடித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்து படிக்க வழியில்லை. காம்பராவின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை. தோட்டத்துப் பழைய டிஸ்பென்சரி பல வருடமாக மூடிக் கிடந்தது. அதன் சாவி காவல்காரரிடம் இருந்தது. அவரை வாட்சர் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கெஞ்சிக் கேட்டதில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் திறந்துவிடச் சம்மதித்தார்.

முதல் ஞாயிறு அங்கே இருந்த அலுமாரியைக் குடைந்தபோது ஆறு நோட்டுக் கொப்பிகள் கிடைத்தன. திறந்து பார்த்தால் எல்லாம் மருந்தாளர் பரீட்சைக்கான குறிப்புகள்! வெளிர் நீல மையில், அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஓரங்களில் மட்டும் சிவப்பு மையில் ஏதேதோ எழுதியிருந்தது. எழுதுகிற வேலையை வேறு யாரோ எனக்காக முடித்து வைத்துவிட்டார்கள் என்று குதிக்காத குறை. உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் இருந்தது: "பின்னால் பார்."

பார்த்தேன். நான் சாத்திவிட்டு வந்த கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. காற்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன், ஆனாலும் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. தெப்பமாக நனைந்துதான் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது கொப்பியைத் திறந்து ஏழெட்டுப் பக்கம் போயிருப்பேன். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தாளின் மேல் விழுந்தது. துடைக்கப் போன இடத்தில், ஓரத்தில், சிவப்பு மை:

"ஏன்டி ஈரத்தோட கேக்குற?"

நான் வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. ஆனால் மழையில் வருகிற வழியெல்லாம், இந்த முறையாவது என்னைப் பாஸ் பண்ண வை என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேதான் வந்திருந்தேன். கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டியது. "உள்ள பதுங்காத, மாமா வெளிய நிக்கிறாரு."

நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஓர் உருவம் அசையாமல் நின்றது. கொப்பிகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். "என்னா தாயி, எதுக்கு இப்பிடி ஓடுற? மழ விட்டதும் பூட்டலாம்னுதான் நிக்கிறேன்" என்றார் வாட்சர் மாமா.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். கொப்பிகளைப் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு அசலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். நோர்வூட்டில் கடைக்காரத் தம்பி நாலு பக்கம் எடுத்ததும் மெஷினை நிறுத்திவிட்டார். "அக்கா, ஒன்னும் விழல. வெள்ளையாத்தான் வருது. பாருங்க." வாங்கிப் பார்த்தேன். வெளிர் நீல மை தாளில் விழவே இல்லை. சிவப்பு மட்டும் கறுப்பாக விழுந்திருந்தது. வெள்ளைத் தாளின் நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் "பின்னால் பார்" மட்டும். என் போனில் படம் எடுக்கலாமென்றால் அதன் கமரா கண்ணாடி உடைந்து மாதக்கணக்காகிறது. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையால் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில்தான், டிவி சத்தத்தில்தான் எழுதினேன். தனியாக இருக்க எனக்குத் தைரியமில்லை. சிவப்பு வரிகள் பக்கம் கண்ணே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது கொப்பியில் அந்தப் பக்கம் வந்தது. தலைப்பு, கொழுப்பில் கரையும் விற்றமின்கள். ஏ என்று எழுதினேன். டி. ஈ. கே. நாலு எழுத்து எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் கை மெதுவானது. வாய் தானாக முணுமுணுத்தது: ஏன், டி, ஈரத்தோட, கேக்குற.

பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தை எடுத்தேன். மருந்து உடம்புக்குள் போய் வெளியேறும் நான்கு படிகள்: உறிஞ்சல், பரவல், மாற்றம், வெளியேற்றம். உள்ள, பதுங்காத, மாமா, வெளிய! "பின்னால் பார்" என்ற பக்கத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் பின்னால் போனால் அதே பாடம் தொடர்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, தனியா சிரிக்கிற?" என்றார்.

அந்த வரிகள் என்னிடம் பேசவில்லை. யாரோ ஒரு பெண் தன் ஞாபகத்துக்காகத் தன்னோடு பேசியிருக்கிறாள். இதே பக்கங்களை நான் முன்பே வாசித்திருந்தேன், கண்ணில் படவில்லை. கை எழுதியபோதுதான் பட்டது. ஆனால் அவள் வரிகளில் பாதிக்கு மேல் எனக்கு அவிழவே இல்லை. அவை எதை ஞாபகப்படுத்தின என்பது அவளுக்குத்தான் தெரியும். அதனால் எனக்கு நானே வரிகள் கட்டினேன். பக்கத்துக் காம்பராச் சண்டையை வைத்துக் கட்டியது ஒன்று பிரமாதம், அதை இங்கே எழுத முடியாது.

ஆறாவது கொப்பி பாதியில் நின்றிருந்தது. "குழந்தைகளுக்கான மருந்தளவு" என்று தலைப்பு மட்டும். கீழே வெறுமை. ஓரத்தில் சிவப்பில்: "மிச்சத்த நீ எழுது."

மி, நீ, எ என்று ஒரு பின்னேரம் முழுக்க உருட்டிப் பார்த்தேன். எந்த மருந்தும் வரவில்லை, எந்தப் பாடமும் வரவில்லை. மறுநாள் வாட்சர் மாமாவிடம் போனேன். அங்கே யாராவது படித்தார்களா என்று கேட்டேன்.

"டிஸ்பென்சர் ஐயாவோட சம்சாரம் படிச்சாங்க. நல்ல மனுஷி. பரீட்சைக்கு ஒரு வாரம் முந்தியே போயிட்டாங்க தாயி."

"எங்க போனாங்க?"

அவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். எங்கள் தோட்டத்தில் அந்தப் பக்கம்தான் பஸ் ரோடு இருக்கிறது. அந்தப் பக்கம்தான் புதைகாடும் இருக்கிறது. இரண்டாவது தடவை கேட்காமலே திரும்பி வந்தேன்.

குழந்தைகளுக்கான மருந்தளவு, கணக்கு வருகிறதென்று நான் எப்போதும் தாண்டிப் போகிற பாடம். அன்று அந்தத் தலைப்புக்குக் கீழே, அவருடைய கொப்பியிலேயே, என் கையால் எழுதத் தொடங்கினேன். புத்தகத்தைப் பார்த்து, புரியாததை அடித்து, மறுபடி எழுதி, ஒன்பது பக்கம் வந்தது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அது எல்லா வருடமும் வருகிற கேள்விதான். இரண்டு முறையும் நான் விட்டுவிட்டு வந்ததும் அதைத்தான்.

பாஸான செய்தி வந்த வார ஞாயிறு, கொப்பிகளை அலுமாரியில் திருப்பி வைக்கப் போனேன். வைக்கும் முன்பு ஆறாவதைத் திறந்து, "மிச்சத்த நீ எழுது" என்பதற்குக் கீழே சிவப்பு மையில் "எழுதிட்டேன்க்கா" என்று எழுதினேன். அழுகை வந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டு இறங்கும்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்றும் பாமசியில் ஒரு குழந்தைக்கு மருந்து அளக்கும்போது அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வருகிறது. அடித்தல் திருத்தலோடு எல்லாம் என் கையெழுத்து, மேலே உள்ள தலைப்பு மட்டும் அவருடையது.