காஜா விரல்

கடைப் பலகையைத் திறந்ததும் மரியதாஸ் தையல் மிஷினைத் தொடமாட்டார். இடது கையை வெட்டுமேசைமேல் மல்லாத்தி வைத்து, ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பென்சிலால் தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விர்ரென்று ஒரு கூச்சம் விரலுக்குள் ஓடும். அங்கே நீலச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. சென்ற வாரக் கோடு எதுவரை இருந்தது என்பதற்கு உள்ளங்கை ரேகைகளே அடையாளம்.

"ஆயுள் ரேகைய தாண்டிச்சு. இனிமே எனக்கு சாவே இல்ல" என்பார்.

சாந்தோம் மாதா கோயிலுக்கு எதிர்ச்சந்தில் அவர் கடை. யுத்தக் குண்டு பயத்தில் ஊரே ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய நாட்களில், அவர் ஒட்டும்போது கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பைத் தைத்தார்கள். தைத்த இடத்திலிருந்து அது மறுபடி வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம் போனால் அதிகம் என்றாராம் டாக்டர். தட்டும்போது விர்ரென்கிற இடம்தான் அதன் முனையாம். விரல் நுனி வந்ததும் நிற்கவேண்டுமென்று நரம்புக்கு எப்படித் தெரியும் என்று இவர் கேட்டிருக்கிறார். அது இன்னும் ஒருவருக்கும் தெரியாது என்று டாக்டர் சிரித்துவிட்டார். மரியதாஸுக்கு அந்தப் பதில் போதவில்லை.

"சொக்காக்கு நான் டேப்பு புடிக்கிறேன். அதுக்கு உள்ள குந்திக்கினு எவன் புடிக்கிறான்?"

கோட்டில் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கும்போது, துணிக்கு அடியில் இடது ஆள்காட்டி விரல்தான் ஊசி முனையை ஏந்தவேண்டும். மரத்த விரலுக்கு ஊசி வந்தது தெரியவில்லை. ஒரு வாடிக்கைக்காரரின் வெள்ளைக் கோட்டில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அன்றிலிருந்து காஜாவெல்லாம் மனைவி லூயிசாவின் கைக்குப் போயின. அவள் தையல் சுத்தம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அவள் ஒருமுறை, ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்த என் எதிரிலேயே கெஞ்சினாள்.

"நரம்பே நடந்துகினு கீது. நான் இன்னாத்துக்கு குந்தணும்?" என்றார்.

தினமும் ஒரு துண்டுத் துணியில் காஜா எடுத்துப் பார்ப்பார். அதிலும் சிவப்புப் பொட்டுகள் விழும். லூயிசா அதை மிஷின் துடைக்க எடுத்து வைத்துக்கொள்வாள்.

போன வாரம் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். அதற்குள் நீலக் கோடு விரலின் கடைசிக் கணுவைத் தாண்டியிருந்தது. துண்டுத் துணியோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று 'ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக் கோட்டில் காஜா எடுத்துக்கொண்டிருந்த லூயிசாவின் ஊசி அப்படியே நின்றது. மரியதாஸ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தில் மறுபடியும் குத்தினார். பிறகு அந்த விரலை வாயில் வைத்துச் சப்பியபடி, அவள் மடியிலிருந்த வெள்ளைக் கோட்டுக்காக மறு கையை நீட்டினார்.